எட்டாவது தட்டில் தாமதித்த இடது கை

என் மங்கை அக்கா,

சாமி விளக்கை ஏற்றிவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்தேன். உன் கொழுந்தன் கரும்புக்குத் தண்ணீர் கட்டப் போயிருக்கிறார். மாரியம்மன் திருவிழா வந்துவிட்டது. இந்த வருஷமும் ஜோடிக் கோலாட்டப் போட்டி உண்டாம். பழக்கத்தில் நம் பெயரை எழுத வந்தவர்கள், என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

போன வருஷம் பயிற்சிக்கு நீ வைத்த முறை அப்படியே நினைவில் இருக்கிறது. முதலில் கோல் இல்லாமல் வெறும் கை. அப்புறம் வாயால் எண்ணிக்கொண்டு கோல். பாட்டு கடைசியில்தான். எங்கே தப்பினோம் என்று நோட்டில் குறிப்பது என் வேலை. கடைசி வாரத்தில் நான்கு நாளும் ஒரே வரிதான் எழுதியிருக்கிறேன்: எட்டாவது தட்டு, அக்கா இடது கை தாமதம்.

"கை மரத்துப் போவுது சரசு, செத்த குந்தறேன்" என்றாய்.

"தோக்கறதுக்கு இப்பவே சாக்கு தேடறியாக்கா?" என்றேன். நீயும் சிரித்துக்கொண்டே கோலை எடுத்தாய்.

ஐந்தாம் நாள் மாரைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாய். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. கை மரத்ததும் இதயத்தால்தான் இருக்கும் என்று டாக்டர் பிறகு சொன்னார். நாலு நாள் எழுதினேனே, ஒரு நாளாவது என்னவென்று கேட்டேனா? நீயாவது என்னைத் திட்டிவிட்டு உட்கார்ந்திருக்கக் கூடாதா?

போன மாதம் பீரோ கண்ணாடி முன்னால் தனியாக ஆடிப் பார்த்தேன். நீ எதிரில் நின்றால் என் வலது கோல் குறுக்கே போய் உன் வலது கோலைத் தட்டும். கண்ணாடியில் எல்லாம் நேருக்கு நேர் வந்தது. பத்து நாள் அதிலேயே தப்பாகப் பழகியிருக்கிறேன்.

அதைப் பார்த்துத்தான் உன் மகள் கோமதி, "நான் நிக்கட்டுமா சித்தி?" என்றாள். நடந்ததை மறைத்துவிட்டு அவளோடு ஆட எனக்கு மனம் வரவில்லை. நோட்டை அவள் கையில் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். அந்த நாலு வரியையும் விரல் வைத்துப் படித்தாள்.

"அம்மா எங்கிட்டயும்தான் சொன்னாங்க சித்தி. நான் தைலம் தேச்சு உட்டுட்டு காலேஜுக்குப் போயிட்டேன்."

அன்று நாங்கள் ஆடவில்லை அக்கா. ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அழுதோம்.

இப்போது பெயர் கொடுத்திருக்கிறோம். சில நாள் உன் நினைவு வந்து பாதியில் அவள் கை நின்றுவிடுகிறது. அம்மன் சாட்சியாகச் சொல்கிறேன்: போட்டியன்று அப்படி நின்றால், ஊரே பார்த்தாலும் கோலைக் கீழே போட்டுவிட்டு அவளை அணைத்துக்கொள்வேன்.

உன் வீட்டுக்கே இளைய மருமகளாக வந்த
உன் தங்கச்சி சரசு