‘ஆதரிக்கிறேன்’ கட்டம்

ஜனவரி 16, 2016

முழங்கால் வலி. எங்கே வீடு கட்டலாம், எங்கே கூடாது என்று சொல்லும் ஊர் கவுன்சிலின் வளர்ச்சித் திட்ட வரைவு வந்திருக்கிறது. எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் வயல் அதில் வயலாகவே இருக்கிறது. முப்பத்தொரு வீடும் ஏறி இறங்கி, எல்லோரையும் ‘ஆதரிக்கிறேன்’ கட்டத்தில் டிக் போட வைத்தேன். பக்கத்து வீட்டு எலுனெட் மட்டும் முனகினாள்: “நல்லா இருக்குன்னு சொல்றதுக்குக்கூட ஒரு படிவமா, மென்னா?”

செப்டம்பர் 8

ஒரு கட்டுமான நிறுவனம் வரைவை எதிர்த்திருக்கிறது. வயலில் எண்பது வீடு வேண்டுமாம். தலைநகர் கார்டிஃபிலிருந்து அரசின் திட்ட ஆய்வாளர் வந்து பொது விசாரணை நடத்துவார். நாங்களும் பேச வேண்டும் என்று விசாரணை அலுவலகத்துக்கு ஃபோன் செய்தேன்.

“மாத்தணும்னு கேட்டவங்களுக்குத்தான் மேசையில இடம்ங்க. நீங்க ஆதரிச்சிருக்கீங்களே.”

சொந்தச் செலவில் சூனியம். அதுவும் முப்பத்தொரு வீட்டுக்கும்.

நவம்பர் 1

ரக்பி கிளப் மண்டபம். மேசையைச் சுற்றிப் பெயர் அட்டைகள், எங்களுக்குப் பின்வரிசை. நிறுவனத்தின் ஆலோசகர் சொல்கிறார்: “அந்த வயல்ல வெள்ளம் வந்ததா எங்கயும் பதிவில்லை.”

பதிவு எங்கிருந்து வரும்? தண்ணீர் வந்தால் துடைப்பத்தை எடுப்போம். யார் உட்கார்ந்து கவுன்சிலுக்கு எழுதினோம்? வயல் நிரம்பினால் அடுத்தது என் சமையலறை. தொண்ணூற்றெட்டில் வந்த தண்ணீரின் கோடு சுவரில் முழங்கால் உயரத்துக்கு இருக்கிறது — இரண்டு முறை பெயின்ட் அடித்தும் போகவில்லை. கையைத் தூக்கினேன். ஆய்வாளர் மரியாதையாகத்தான் தலையை அசைத்து மறுத்தார். எலுனெட் காதில் சொன்னாள்: “நல்ல பிள்ளைன்னு பேர் வாங்கினோம்ல. வாயை மூடிட்டு உக்காரு.”

நவம்பர் 3

ஆய்வாளர் தனியாக வந்து வயலைப் பார்த்தார். யாரும் அவரோடு பேசக் கூடாது. ஜன்னலில் நின்றேன். வேல்ஸில், நவம்பரில், ஐந்து நாளாக வெயில். ஷூவில் ஈரம்கூடப் படாமல் போய்விட்டார்.

ஜூன் 20, 2017

அறிக்கை வந்துவிட்டது. வீடு கட்டும் இடங்களில் வயலையும் சேர்க்கச் சொல்லிவிட்டார். அவர் சொன்னதைக் கவுன்சில் மீற முடியாது. எலுனெட் சூப் கொண்டுவந்தாள். “உன் தப்பில்ல” என்றாள்.

என் தப்புதான்.

பிப்ரவரி 11, 2020

மூன்று நாளாக மழை. கதவைத் தட்டியது வயலில் கட்டிய புது வீடுகளில் முதலில் குடிவந்த பெண், இடுப்பில் குழந்தையோடு.

“பின்னாடி புல்லுல தண்ணி நிக்குதுங்க. இங்க எப்பவாவது வெள்ளம் வந்திருக்கா?”

நாலு வருஷத்தில் முதல்முறையாக ஒருத்தர் என்னிடம் கேட்கிறார். உள்ளே கூப்பிட்டுச் சமையலறைச் சுவரைக் காட்டினேன். அவள் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, குனிந்து அந்தக் கோட்டைப் பார்த்தாள்.