கிள்ளிய கிளையில் கோஜிப் பழம்

என்னங்க,

இட்லி ஹாட்பாக்ஸில், சட்னி ஃப்ரிட்ஜில். சாப்பிட்டுவிட்டு மொட்டைமாடிக்குப் போய் உங்கள் கோஜி பெர்ரி செடியைப் பாருங்கள், பழுத்துக் கிடக்கிறது. கை பட்டால் பழம் கறுத்துவிடும் என்பீர்களே, அதனால் உங்கள் பழைய வேட்டியைக் கீழே விரித்து வைத்திருக்கிறேன். கிளையை மெதுவாக உலுக்கினால் போதும்.

பழமெல்லாம் சித்திரையில் அம்மா கொழுந்து கிள்ளிப் பொரியல் வைத்த கிளைகளில்தான். யாரையும் தொடவிடாமல் நீங்கள் காத்த கிளை சும்மா நிற்கிறது. "கீரைன்னு நெனச்சுட்டேன் மாப்ள" என்றவர் உங்கள் சத்தத்தில் சாப்பிடாமலே மேலூர் பஸ் ஏறினார். இன்னும் இந்தப் பக்கம் வரவில்லை.

பழத்தை டப்பாவில் போட்டு இன்றைக்கே நீங்களே மேலூருக்கு, அம்மாவிடம் கொண்டுபோங்கள். மன்னிப்பெல்லாம் வேண்டாம், உங்களுக்கு வராது. "அத்தை, செடி தழைஞ்சிருச்சு, வந்து கிள்ளி விடுங்க" என்றால் போதும். நான் ஸ்கூல் விட்டு வரும்போது இரண்டு பேரும் வீட்டில் இருக்க வேண்டும்.

சத்யா

சாவியை மறக்காதீர்கள்.

இன்னொன்று. அன்றைக்கு அந்தப் பொரியலை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்ட பிறகுதான் என்ன கீரை என்று விசாரித்தீர்கள். நல்லா இருந்துச்சு என்று அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. அதைச் சொல்லுங்கள் முதலில்.