தீ சுடாத கால்

19 ஜனவரி 2025, ஞாயிறு

பொங்கல் வியாபாரம் ஓய்ந்தது. விற்காமல் மிஞ்சிய சேலைகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தோம். மேல் தட்டில் வைப்பதற்காக ஏணியில் ஏறினேன். வலது கெண்டைக்கால் சுருட்டிப் பிடித்துக்கொண்டது. கடை முழுக்க வேலையாட்கள் இருந்தார்கள், அவர்கள் முன்னாலேயே "ஐயோ அம்மா" என்று கத்திவிட்டேன்.

ஆண்டியப்பன்தான் தாங்கி இறக்கினார். அப்பா காலத்தில் கடைக்கு வேலைக்கு வந்தவர், என் அதட்டலுக்கெல்லாம் மசியமாட்டார். காலைத் தேய்த்துக்கொண்டே, "குளிரு எறங்கிருச்சு மொதலாளி. ரெண்டு சாக்ஸா போடுங்க" என்றார். எங்கள் பொகவந்தலாவை மலையில் யாருக்கு என்ன வந்தாலும் குளிர்தான் காரணம். பரீட்சையில் பெயிலானாலும் குளிரைத்தான் சொல்வார்கள்.

இரண்டு சாக்ஸ் போட்டிருக்கிறேன்.

2 பெப்ரவரி

மறுபடியும் பிடிப்பு. இந்த வாரம் இது நாலாவது. தூக்கத்தில் வந்தால் மனைவி பரிமளத்தையும் எழுப்பிவிடுகிறேன். பாவம், அவள் கண்ணைத் திறக்காமலே என் காலைப் பிடித்து நீவுகிறாள்.

இன்னொன்றும் இருக்கிறது, அவளிடம் சொல்லவில்லை. பாதத்துக்கும் தரைக்கும் நடுவில் பஞ்சுபோல எதையோ விரித்து வைத்த மாதிரி இருக்கிறது. குனிந்து பார்த்தால் ஒன்றும் இல்லை, வெறும் சிமெந்துத் தரைதான்.

27 பெப்ரவரி

பஜார் டொக்டரிடம் போனேன். சீனி வியாதி திரும்பி வந்துவிட்டதோ என்ற பயம். வரவில்லை, அளவு நன்றாகவே இருக்கிறதாம். பிறகு ஏன்? "முதுகெலும்பில் நரம்பு இறுகியிருக்கலாம்" என்று எக்ஸ்ரே எழுதிக் கொடுத்தார். அதிலும் ஒன்றும் இல்லை. கடைசியில் அவரும் குளிர் என்றார்!

சீனி என்னை விட்டுப் போனது 2018இல். கொழும்பில் வயிற்றைச் சுருக்கி, குடலை மாற்றித் தைத்த ஆபரேஷனோடு போனது. அப்போது நான் நூற்று நாற்பது கிலோ. பெயரோ கஜேந்திரன். பள்ளிக்கூடத்துப் பையன்கள் அதை வைத்து எவ்வளவு விளையாட முடியுமோ அவ்வளவும் விளையாடியாகிவிட்டது. ஆபரேஷனுக்குப் பிறகு மாதத்துக்கு மாதம் கரைந்தேன். மாடிப்படி ஏற முடிந்தது, மகள் ஹம்சினியோடு கிரிக்கெட் விளையாட முடிந்தது. அந்தச் சந்தோஷத்தை இன்று நினைத்தாலும் உடம்பு லேசாகிறது.

ஆனால் பஜாரில் வேறு கதை ஓடியது. முதலாளி மெலிந்துவிட்டார் என்றால் கடை படுத்துவிட்டது என்று அர்த்தம். கொழும்பில் சரக்குப் போடுகிறவர் நேரிலேயே வந்து கடையைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார். போதாததற்கு முடியும் கொட்ட ஆரம்பித்தது. மெலிந்த மனிதனுக்கு மொட்டைத் தலையும் சேர்ந்தால் ஊர் என்ன பேசாது? அப்போது முடிக்காகப் பிடித்ததுதான் இந்த சிங்க் மாத்திரை. பரிமளத்தின் தம்பி நிரோஷன் கட்டாரிலிருந்து போத்தல் போத்தலாக அனுப்புகிறான். முடி கொட்டுவது நின்றது, ஊர் வாயும் ஓரளவு நின்றது.

கால் இப்படி இருப்பதால் இந்த வாரத்திலிருந்து சிங்க் மூன்றாகப் போடுகிறேன். சத்துதானே.

17 மார்ச்

இன்று நடந்ததை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

தபால் கந்தோருக்குப் போய்விட்டுக் கடைக்கு வந்தேன். படியேறும்போது ஆண்டியப்பன் என் காலையே பார்த்தார். "ஒரு செருப்பு எங்க மொதலாளி?" என்றார். குனிந்தேன். வலது காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்றது? எவ்வளவு தூரம் வெறுங்காலோடு, மழை பெய்த ரோட்டில், ஜல்லியில் நடந்தேன்? தெரியவில்லை. எனக்குத் தெரியவே இல்லை.

"வயசாகுது ஆண்டியப்பன்" என்று சிரித்தேன். பிறகு சரக்கறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். நாற்பத்தேழு வயது. முன்பு உடம்பின் பாரம் நடக்கவிடவில்லை. பாரத்தை இறக்கிவைத்தேன். இப்போது கால் எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. படுத்த படுக்கையாகிவிடுவேனோ? ஹம்சினிக்கு இன்னும் ஏ.எல். பரீட்சை முடியவில்லை.

18 மார்ச்

ஹட்டனிலிருந்து அண்ணன் போன் எடுத்தார். பரிமளம் கால் பிடிப்பு விஷயத்தை உளறியிருக்கிறாள். "அன்னைக்கே சொன்னேன்ல, வயித்துல கத்தி வைக்காதடான்னு? இப்ப காலு போகுது. அடுத்தது என்னா?" ஏழு வருஷமாக இதைச் சொல்லக் காத்திருந்த மனிதர். "சரிண்ணே" என்று வைத்துவிட்டேன்.

அவர் சொல்வது உண்மையாக இருந்தால்? இனிமேல் வெட்டியதை ஒட்ட முடியாது. அதனால்தான் பெரிய டொக்டரிடம் போகாமல் தள்ளிப்போடுகிறேன் போலிருக்கிறது. கேட்டால் ஆபரேஷன்தான் காரணம் என்று சொல்லிவிடுவார்கள்.

4 மே, ஞாயிறு

தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் திருவிழா. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததற்காக வைத்த நேர்த்தி, வருஷம் தவறாமல் தீ மிதிக்கிறேன். தோட்டத்துச் சனங்களோடு காப்புக் கட்டி, விரதம் இருந்து, மஞ்சள் வேட்டியோடு வரிசையில் நின்றேன். பரிமளம் வேண்டாம் என்றாள். சாமி காரியம், நான் கேட்கவில்லை.

மற்ற வருஷங்களில் முதல் அடியிலேயே உயிர் உச்சந்தலைக்கு ஏறும். "ஆத்தா!" என்று கத்திக்கொண்டு ஓடிவிடுவேன். இன்று கால் வைத்தேன். ஒன்றும் இல்லை. இரண்டாவது அடி, மூன்றாவது அடி. கடைத் தரையில் நடப்பதுபோல் நடந்தேன். கால் சரியான இடத்தில் விழ வேண்டுமே என்று குனிந்து பார்த்துப் பார்த்து மெதுவாக நடந்தேன். அந்த நிதானத்தைப் பார்த்து உறுமி அடித்தவர்களே ஒரு கணம் நிறுத்திவிட்டார்கள். இறங்கியதும் குலவைச் சத்தம். "மொதலாளி மேல ஆத்தா எறங்கிட்டா! பாத்தீங்களா, பூ மேல நடக்குற மாதிரில்ல நடந்தாரு!" ஒரு அம்மா என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தன் பேத்தியை முன்னால் தள்ளித் திருநீறு பூசச் சொன்னார். பூசினேன். என்ன செய்வது?

ஆத்தா, ஒவ்வொரு வருஷமும் சுட்டாய். நான் வலியோடு வந்தேன், நீ ஏற்றுக்கொண்டாய் என்று நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். இந்த வருஷம் அத்தனை பேர் கும்பிட நிற்கிறேன், நீ சுடவில்லை. எனக்கு அருள் வரவில்லை. எனக்குக் கால் செத்துவிட்டது.

5 மே

காலையில் பரிமளம் போர்வையில் கறையைப் பார்த்துவிட்டு அலறினாள். இரண்டு பாதத்திலும் கொப்புளம், வலது குதிகாலில் தோலே உரிந்திருக்கிறது. "வலிக்கலையா? இவ்வளவுக்கும் வலிக்கலையா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பஞ்சு மாதிரி இருப்பதை, செருப்பை, எல்லாவற்றையும். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. தரையில் உட்கார்ந்து என் காலை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டுக் கண்டிக்குப் போன் எடுத்து, நரம்பு டொக்டரைப் பார்க்க நம்பர் போட்டாள்.

15 மே

கண்டி. விடியற்காலையிலேயே வான் வண்டியில் கிளம்பினோம். வீட்டில் இருந்த மருந்து, மாத்திரை, தைலம் எல்லாவற்றையும் பரிமளம் ஒரு சிலிசிலி பிளாஸ்டிக் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்தாள். "கோடாலித் தைலம் எதுக்குடி?" என்றேன். "நீங்க பேசாம வாங்க."

டொக்டர் ஒரு சிங்கள அம்மா, என் அக்கா வயது இருக்கும். கணுக்காலில் ஒரு இரும்புக் கவையைத் தட்டி வைத்து, அதிர்கிறதா என்று கேட்டார். இல்லை. முழங்காலில்? கொஞ்சம். கண்ணை மூடிக்கொண்டு நிற்கச் சொன்னார். மூடினேன். அடுத்த கணம் பரிமளத்தின் தோளில் சாய்ந்து கிடந்தேன். எனக்கு வேர்த்துவிட்டது.

ஆபரேஷன் கதையைக் கேட்டார். பி12 வைட்டமின் ஊசி ஒழுங்காகப் போடுகிறேன் என்றதும், "அப்படியானால் அந்தக் குறைவு இல்லை" என்று யோசித்தார். "வேறு என்ன சாப்பிடுகிறீர்கள்?" பரிமளம் பையை மேசைமேல் கவிழ்த்தாள். தைலம் உருண்டு ஓடியது. டொக்டர் நிரோஷனின் போத்தலை எடுத்து, அதில் இருந்த எழுத்தை நிதானமாக வாசித்தார்.

"ஒரு நாளைக்கு எத்தனை?"

"முதலில் ஒன்று. கொரோனா காலத்தில் இரண்டு. கால் மோசமான பிறகு மூன்று."

"ஏன் மூன்று?"

"சத்துதானே, டொக்டர்."

கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். சிங்க் அதிகமானால் உடம்பு செம்பை உள்ளே எடுக்காமல் வெளியே தள்ளிவிடுமாம். குடலை மாற்றித் தைத்தவர்களுக்கு ஏற்கெனவே செம்பு குறைவாகத்தான் ஏறும். செம்பு இல்லாவிட்டால் நரம்பு கெடும். "ரத்தத்தைப் பார்த்துத்தான் உறுதியாகச் சொல்ல வேண்டும். ஆனால் இதை இன்றைக்கே நிறுத்துங்கள்."

"ஆபரேஷன் செய்தது தப்பா?" இதைக் கேட்கத்தான் எனக்கு நாலு மாதம் ஆனது.

"செய்யாமல் இருந்திருந்தால் இன்றைக்கு நீங்கள் இருப்பீர்களோ தெரியாது" என்றார். "வருஷத்துக்கு ஒருமுறை யாராவது உங்களை முழுசாகப் பார்த்திருக்க வேண்டும். அதுதான் நடக்கவில்லை."

இனி நான் நடப்பேனா என்று பரிமளம் தமிழில் கேட்டாள். நான் சிங்களத்தில் மாற்றுவதற்குள் டொக்டருக்குப் புரிந்துவிட்டது. இதற்குமேல் மோசமாகாது என்று நம்புகிறாராம். போனது எவ்வளவு திரும்பும் என்பதை இப்போது சொல்ல முடியாதாம்.

திரும்பும் வழியெல்லாம் பரிமளம் போனில். "டேய் நிரோஷன், இன்னொரு போத்தல் அனுப்பிப் பாரு, ஒன்ன என்னா செய்றேன்னு!" அந்தப் பக்கம் அவன், "அக்கா, மச்சான் கேட்டாரு, அனுப்புனேன். நான் என்னாக்கா பண்ணேன்?" என்று கெஞ்சுவது எனக்கே கேட்டது. கினிகத்தேனை வரைக்கும் திட்டினாள். வெகுநாள் கழித்து எனக்குச் சிரிப்பு வந்தது.

10 ஜூன்

ரத்தத்தை வெளிநாட்டுக்கு அனுப்பிப் பார்த்திருக்கிறார்கள். முடிவு வந்துவிட்டது. செம்பு அடிமட்டத்தில் இருக்கிறதாம்.

உடம்பில் கோளாறு என்று சொன்னதற்கு நானும் பரிமளமும் கட்டிப்பிடித்துக்கொண்டோம். ஹம்சினி எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அவளுக்குச் சொன்னேன்: பேர் தெரிந்துவிட்டது மகள், பேர் தெரியாததோடு எப்படி மல்லுக்கட்டுவது?

14 ஜூன்

ஊருக்கும் தெரிந்துவிட்டது. வருகிறவர்கள் எல்லோரும் செம்புக் குடத்துத் தண்ணீர் குடிக்கச் சொல்கிறார்கள். பரிமளம் ஹட்டனுக்குப் போய் ஒரு செம்பு ஜக்கு வாங்கி வந்துவிட்டாள். ஆண்டியப்பன் செம்பு மோதிரம் கொண்டுவந்து, "காலு வெரல்ல போடுங்க மொதலாளி, நேரா ஏறும்" என்றார். போன முறை குளிர் என்று சொன்னீர்களே என்றேன். "அதுவும்தான்" என்றார்.

டொக்டரிடம் போனில் கேட்டேன். சிரித்துவிட்டு, "தண்ணீரும் குடியுங்கள், வார்டுக்கும் வாருங்கள்" என்றார்.

3 ஜூலை

ஐந்து நாள் வார்டில் வைத்து செம்பை ரத்தக்குழாய் வழியாக ஏற்றினார்கள். இனி மாத்திரை. வீட்டுக்கு வந்தாயிற்று. அலுப்பு.

31 ஓகஸ்ட்

இந்த மாதம் ஒரு பிடிப்புகூட இல்லை. பரிமளம் விடிய விடியக் குறட்டை விடுகிறாள்.

18 செப்டெம்பர்

கண்டி கிளினிக். ரத்தத்தில் எல்லாம் சரி. ஆனால் கால் முழுசாகத் திரும்பாது என்பதை டொக்டர் இன்றைக்குத்தான் வெளிப்படையாகச் சொன்னார். இடது பாதத்தில் ஏதோ லேசாக ஊர்கிறது. வலதில் ஒன்றும் இல்லை. அது இப்படியேதான் இருக்கும்போல. "இன்னும் நாலு மாதம் கழித்து வந்திருந்தால் நாற்காலியில்தான் வந்திருப்பீர்கள்" என்றார்.

நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வண்டிக்குள் ஏறியதும் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல்? நிரோஷன் மேலா, முடி மேலா, மெலிந்தவனை மெலிந்தவனாக இருக்கவிடாத பஜார் மேலா? பரிமளம் மாங்காய் அச்சாறு வாங்கி நீட்டினாள். தின்றேன். கொஞ்சம் அடங்கியது.

கைத்தடி வாங்கியிருக்கிறேன். இருட்டில் இறங்கும்போது மட்டும்.

19 ஒக்டோபர்

நாளை தீபாவளி. காலையிலிருந்து கடை நிரம்பி வழிந்தது. முழு நாளும் நின்றேன். உட்காரச் சொல்லி ஆண்டியப்பன் மூன்று தடவை முக்காலியைக் கொண்டுவந்தார். மூன்று தடவையும் அதன்மேல் சேலையை வைத்தேன். அண்ணனும் குடும்பத்தோடு வந்து துணி எடுத்தார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நின்னுகிட்டுதான் இருக்க" என்றார். அவர் வாயிலிருந்து வரக்கூடிய அதிகபட்சப் பாராட்டு அதுதான்.

சிங்க் நிறுத்தியதில் முன் நெற்றி கொஞ்சம் ஏறிவிட்டது. ஏறட்டும்.

5 நவம்பர்

பௌர்ணமிப் போயா, கடை லீவு. வெளியே மழை. விடிந்தும் எழும்ப மனமில்லாமல் கம்பளிக்குள் கிடந்தேன்.

பரிமளம் எழும்பிப் போய்த் தேத்தண்ணி போட்டுக் கட்டிலடியில் கொண்டுவந்து வைத்தாள். வெறுங்காலோடு குசினித் தரையில் நின்றிருக்கிறாள். குளிர் தாங்காமல் மறுபடியும் கம்பளிக்குள் நுழைந்து, இரண்டு பாதத்தையும் என் இடது காலில் ஒட்டி வைத்தாள்.

"அடியே! எடு காலை! ஐஸ் மாதிரி இருக்கு!"

"எதுக்குக் கத்துறீங்க இப்ப? கொஞ்ச நேரம்…" என்று ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டாள்.

"என்னா சொன்னீங்க?"

"ஐஸ் மாதிரி இருக்குன்னேன்."

"எது?"

"ஒன் காலுதான்."

எடுக்கவில்லை அவள். முகத்தை என் முதுகில் புதைத்துக்கொண்டாள். சட்டை நனைந்தது. கொஞ்ச நேரம் கழித்து வலது காலிலும் வைத்து, "இங்க?" என்று கேட்டாள். அங்கே ஒன்றும் தெரியவில்லை, இல்லை என்றேன்.

"பரவால்ல" என்றாள். மறுபடியும் இடது காலுக்கே வந்தாள்.