கோட்டுக்கு அந்தாண்ட

9 அக்டோபர் 2024, புதன்

வேலந்தாவளம் சோதனைத் திடலில் இன்று பன்னிரண்டு முறை ட்ரோன் பறந்தது. அகளிக்கு மேலே இருக்கும் மலையூர்களுக்கு மருந்து கொண்டுபோகப் போகும் ட்ரோன். அது எங்கே இறங்குகிறது என்று இரண்டு கேமரா வைத்து அளந்து சொல்வது என் வேலை. ஒரு சாண்கூடப் பிசகாது என்று மேலாளர் பாண்டித்துரை சாரிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

11 அக்டோபர், வெள்ளி

ட்ரோன் விழுந்துவிட்டது. பக்கத்துக் கடலைக்காட்டு வள்ளியாத்தாள் அக்கா தலையில். ஐயோ, அந்தச் சத்தம்.

நேற்றைய மழையில் எல்லைக்கோட்டுச் சுண்ணாம்பு கரைந்திருந்தது. அக்கா கோட்டைத் தாண்டி உள்ளே வந்தாரா, ட்ரோன்தான் வெளியே போனதா? உள்ளே என்றால் தப்பு அக்காவுடையது, நஷ்டஈடு கிடையாது. கம்பெனியில் கேமராக் கணக்கைக் கேட்டார்கள். அக்கா ஒன்றேகால் மீட்டர் உள்ளே என்று வந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

17 அக்டோபர், வியாழன்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் கோட்டுக்கு அந்தாண்ட, எங்க காட்டுப்பக்கந்தான் அம்மிணி நின்னேன். தெனமும் பாக்கற கோடு, எனக்குத் தெரியாதா?"

அவர் கணவர் காளிச்சாமி அண்ணன் பொரிந்து தள்ளினார். "கேமராவே காட்டிக் குடுத்துருச்சு, இன்னும் பேசறா பாருங்க! புல்லறுக்கப் போயி ஊட்டையே கெடுத்துப்போட்டா."

அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். ஆரஞ்சுப்பையை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

22 அக்டோபர், செவ்வாய்

திடலில் அடித்திருக்கும் நான்கு முளைகளை வைத்துத்தான் கேமரா எந்த இடத்தையும் கணக்கிடும். இன்று அளந்தால் மூன்றாவது முளை இடம் மாறி இருக்கிறது!

காவலாளி மொக்கையன் அண்ணனைக் கேட்டேன். சின்னக்கானல்காரர், வெள்ளந்தி. "சந்தைக்குப் போற எருமைய அதுல கட்டிப்புட்டாங்க மேடம். அது முளையப் பிடுங்கிட்டு ஓடிருச்சு. நாந்தான் தேடி எடுத்துத் திரும்ப அடிச்சு வச்சேன். ஆடாம நிக்குதுல்ல?"

விபத்துக்கு முந்தின நாள் அது. அவரை என்ன சொல்ல? பறக்கவிடும் முன் தினமும் முளைகளைச் சரிபார்க்க வேண்டியவள் நான். அன்றைக்குப் பார்க்கவில்லை. சேறு, சோம்பல் — பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

மறுபடி கணக்கிட்டேன். அக்கா முக்கால் மீட்டர் வெளியே நின்றிருக்கிறார்.

23 அக்டோபர், புதன்

"அறிக்கை போயாச்சு யோகா. சோதனை முடியட்டும், மெதுவா திருத்திக்கலாம்" என்றார் பாண்டித்துரை சார். தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்? வேலை போயிரும்னு பயம். வேற என்ன?

29 அக்டோபர், செவ்வாய்

காளிச்சாமி அண்ணனுக்குப் போன் செய்தேன். 'நாந்தான் தாண்டீட்டனாட்ட இருக்குது' என்று அக்காவே இப்போது சொல்கிறாராம். "ஒருவழியா ஒத்துக்கிட்டாளுங்க."

சொல்லுடி, இப்பவே சொல்லு! போனை வைத்துவிட்டேன். நாளைக்கு நேரில் போய் அக்காவிடமே சொல்லிவிடுகிறேன்.

30 அக்டோபர், புதன்

நான் போவதற்குள் அக்கா போய்ச் சேர்ந்துவிட்டார்.

15 நவம்பர், வெள்ளி

திருத்திய அறிக்கையை யாரையும் கேட்காமல் அனுப்பிவிட்டேன். இனி வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். அங்கிருந்து நேரே காளிச்சாமி அண்ணன் வீட்டுக்குப் போய், முளை மாறியதையும் நான் வாய்மூடி இருந்ததையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"அவ எங்க நின்னான்னு காட்டுங்க" என்றார்.

திடலோரம் கூட்டிப்போய், டேப் பிடித்து அளந்து இடத்தைக் காட்டினேன். செருப்பைக் கழற்றிவிட்டு அங்கே போய் நின்றார்.

"இங்கீங்களா?"

"ஆமாங்கண்ணா."

"இதத்தானுங்க அவ சொன்னா. கையெடுத்துக் கும்பிட்டுக்கூடச் சொன்னா. நாந்தான் வாயை மூடுடின்னேன்."