கார்டன் ரீச்சைத் தட்டினால் நாலு கடை

நான் ஒன்றையும் தொடவில்லை மாப்பிள்ளை. சும்மா எட்டிப் பார்த்தேன், அவ்வளவுதான். தொட்டது உங்கள் மகள். நீங்கள் இருந்தால் இந்நேரம் "மச்சான், கையை எடுங்க" என்று தெருக்கோடி வரை கேட்கும்படி கத்தியிருப்பீர்கள். எத்தனையோ வருஷம் அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பழகிய கை இது. உங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் தானாகவே முதுகுக்குப் பின்னால் போய்க் கட்டிக்கொள்கிறது. பிறகும் என்னையே குற்றம் சொன்னால் எப்படி?

கொல்கத்தாவில் உங்கள் லேக் கார்டன்ஸ் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அவள் ஆபீஸ் கம்ப்யூட்டரை விரித்து வைத்திருந்தாள். திரையில் நீல நீலமாகக் கம்பிகள், சிலது நெட்டை, சிலது குட்டை. ஒன்றைத் தட்டினாள், அது உடைந்து நாலு கம்பியானது. நாலில் ஒன்றைத் தட்டினாள், ஒன்றுமே இல்லை. வெள்ளை வேட்டியை உலரப் போட்ட மாதிரி வெறும் திரை. "தூர், ஏட்டா கீ ஹோலோ", சீ, இது என்ன ஆச்சு, என்று மேசையில் குத்தினாள். உங்கள் மகளுக்குக் கோபம் மட்டும் இன்னும் வங்காளத்தில்தான் வருகிறது. பிறகு நான் நிற்பது நினைவு வந்து, "ட்ரில் டவுன் வேலை செய்யல மாமா" என்று தமிழுக்குத் திரும்பினாள்.

எனக்கு இந்தத் தட்டுகிற வேலையைத் தெரியும் மாப்பிள்ளை. உங்களோடு உட்கார்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதே மாதிரிக் கம்பிகளைத்தானே முறைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. இன்றைக்கும் புரிந்துவிட்டது என்று சொன்னால் நீங்களே சிரிப்பீர்கள்.

ஒரே சோப்புக் கம்பெனிதான் இரண்டு பேருக்கும் சோறு போட்டது. நீங்கள் பி.காம். படித்துவிட்டுத் திருநெல்வேலியிலிருந்து வந்து என் தங்கையைக் கட்டியவர், சால்ட் லேக் ஆபீசில் ஏசி அறைக்குள் ரிப்போர்ட் போடுகிறவர். நான் எட்டாம் வகுப்பில் பாதி. மீதிப் பாதியைப் பள்ளிக்கூடமே வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டு வந்தவன். கார்டன் ரீச் டிப்போவில் பெட்டி ஏற்றி இறக்குகிற ஆட்களுக்கு மேஸ்திரி. "நான் சோப்பைத் தூக்கறேன், நீங்க சோப்போட நம்பரைத் தூக்கறீங்க. ஆனா குளிச்ச வாசனை உங்க மேலதான் வருது" என்பேன். நீங்கள் செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொள்வீர்கள்.

புது சாஃப்ட்வேர் வந்த புதிதில் எனக்கு அந்த ட்ரில் டவுனை விளக்கப் பார்த்தீர்கள். யாரோ வீட்டுக் கல்யாணப் பந்தி. ரசத்துக்குக் குழி பறித்துக்கொண்டே சொன்னீர்கள்.

"மேல ஒரு நம்பர் தெரியும் மச்சான். அதைத் தட்டினா, அது எதெதெல்லாம் சேர்ந்து வந்துச்சுன்னு கீழ தெரியும். அதுல ஒண்ணைத் தட்டினா இன்னும் கீழ போகும்."

"போர் போடற மாதிரியா?"

"ஆமான்னு வெச்சுக்கங்க."

"தண்ணி எத்தனை அடியில வரும்?"

ரசம் ஓடிவிட்டது. என்னைப் பார்த்த பார்வையில் இலையே கருகியிருக்கும். ஆனாலும் கை கழுவும்போது விடாமல் சொன்னீர்கள்: "கீழ போய்ப் பார்க்காம மேல இருக்கறதை நம்பக் கூடாது மச்சான். அதுக்குத்தான் இது." அதை நீங்கள் சொன்ன விதத்தில், சாமி கும்பிடுகிறவன் குரல் இருந்தது. நான் கிண்டல் செய்யவில்லை. அன்றைக்கு ஒரு நாள்தான் விட்டேன்.

காளி பூஜை முடிந்த பிறகு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்களே போன் செய்தீர்கள். "கொஞ்சம் வந்துட்டுப் போங்க மச்சான்." நீங்களாக என்னைக் கூப்பிட்டதே இல்லை. தங்கைக்குத்தான் உடம்புக்கு ஏதோ என்று பயந்து ஓடி வந்தேன். அவள் கதவைத் திறந்து, "காலையில இருந்து அந்தப் பெட்டியோட சண்டை. நீயாவது பேசிப் பாரு" என்று உள்ளே போய்விட்டாள்.

நீங்கள் சுற்றி வளைக்காமல் சொன்னீர்கள். "நாளைக்கு டைரக்டருங்க உக்காரறாங்க. தெற்குப் பக்கம் ஒரு டிப்போவை மூடறாங்க. எதுல வியாபாரம் கம்மியோ, அது."

"எதுல கம்மி?"

மடிக் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினீர்கள். 'கிழக்கு' என்று ஒரு பெரிய கம்பி. தட்டினீர்கள். 'தெற்குக் கொல்கத்தா' என்று ஒன்று எழுந்தது. அதைத் தட்டினீர்கள். மூன்று டிப்போ வந்தது. டாலிகஞ்ச் பனைமரம் போல நின்றது. பேஹாலா சுமார். கார்டன் ரீச் இருந்த இடத்தில் மீசையில் ஒரு முடி மாதிரி என்னவோ ஒட்டிக்கொண்டிருந்தது.

"இதைத் தட்டுங்க" என்றேன்.

நாலு கடை வந்தது.

நாலு கடை மாப்பிள்ளை. எங்கள் ஆட்கள் விடிந்ததிலிருந்து பெட்டி ஏற்றி முதுகு ஒடிந்து கிடக்கிறார்கள், திரையில் நாலு கடை. "மிச்சத்தை எல்லாம் யார் தின்னா, எலியா?" என்று கேட்டேன். நீங்கள் சிரிக்கவில்லை. நான் திருடிவிட்டேனா என்று சந்தேகப்படுகிறீர்களோ என்று ஒரு கணம் எனக்குப் பயமே வந்தது.

அதன்பிறகு நீங்கள் செய்ததையெல்லாம் நான் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதைப் பார்க்கிற மாதிரி, அர்த்தம் தெரியாமல் பயபக்தியோடு பார்த்ததுதான். கணக்கைப் போன வருஷத்தோடு மட்டும் அடைத்து வைத்திருக்கிறோமோ என்று திறந்து பார்த்தீர்கள். இல்லை. மட்டங்கள் முன்பின்னாக மாறிவிட்டதோ, டிப்போவுக்கு மேலே கடை ஏறிவிட்டதோ என்று பார்த்தீர்கள். இல்லை. எல்லாவற்றையும் புதிதாக இழுத்துக் கொண்டுவரச் சொன்னீர்கள். அது ஒரு மணல்கடிகாரத்தைக் காட்டிவிட்டு அதே மீசை முடியைத் திருப்பிக் கொடுத்தது. உங்களை அதிகம் வதைத்தது என்ன தெரியுமா? மேலே கூட்டினால் சரியாக இருந்தது. கிழக்கு சரி, தெற்கு சரி. ஒரு சோப்புக்கூடக் குறையவில்லை.

"மேல சரியா இருக்கு, கீழ காணோம். அது எப்படி மச்சான்?"

"என்னையா கேக்கறீங்க? எனக்கு மேலயும் புரியல, கீழயும் புரியல."

சாப்பாட்டுக்குப் பிறகு வேறு வேலையில்லாமல் டாலிகஞ்ச் பனைமரத்தைத் தட்டினீர்கள். கடைப் பெயர்கள் வரிசையாக இறங்கின. நான் ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன், உங்களை வெறுப்பேற்றவே ஒவ்வொன்றாகச் சத்தம் போட்டுப் படித்தேன். மொய்னுல் பாயின் கடை வந்தது.

"அடப்பாவி, மொய்னுல் பாய் டாலிகஞ்சுக்குக் குடி போயிட்டாரா? நேத்து வரைக்கும் எங்க டிப்போ வாசல்லதான் டீ குடிச்சாரு. சொல்லவே இல்ல பாருங்க மனுஷன். அங்க ரெண்டாங் கல்யாணம் ஏதும் ஆயிருக்குமோ?"

நான் கேலிக்குத்தான் சொன்னேன். நீங்கள் எழுந்து நின்றுவிட்டீர்கள்.

"இந்தக் கடை உங்களோடதா?"

"எங்க கடைதான். அதுக்குக் கீழ இருக்கறதும் எங்களோடதுதான். அதுக்கடுத்ததும்."

மழையில் நடந்தது அப்புறம் நீங்கள் சொல்லித்தான் எனக்கே கோவையாகத் தெரிந்தது. அந்த மழைக்காலத்தில் எங்கள் டிப்போவுக்குள் தண்ணீர் புகுந்தது. வருஷா வருஷம் புகுவதுதான், அந்த வருஷம் வடியவில்லை. எங்கள் கடைகளுக்கு டாலிகஞ்ச் டிப்போ சரக்கு கொடுத்தது. இங்கே அது வழக்கம்தானே, ஒரு டிப்போ மூழ்கினால் பக்கத்து டிப்போ பார்த்துக்கொள்ளும். அங்கே மேஸ்திரி ஹாருதா. இடுப்புத் தண்ணீரில் தலையில் பெட்டியோடு மொய்னுல் பாய் கடை வரை வந்துவிட்டு, "தாதா, உன் மாப்பிள்ளைகளுக்கு நான் விருந்து போடறேன்" என்று எங்கள் கடைக்காரர்களைச் சொல்லி வங்காளத்தில் என்னை வம்புக்கு இழுத்தவன். அங்கே பில் போட வேண்டுமென்றால், அந்தக் கடைகள் டாலிகஞ்சைச் சேர்ந்தவை என்று கம்ப்யூட்டரில் மாற்ற வேண்டும். மாற்றினார்கள். தண்ணீர் வடிந்தது, கடைகள் எங்களிடம் திரும்பி வந்தன. கம்ப்யூட்டரில் மட்டும் யாரும் திருப்பி மாற்றவில்லை.

"பில்லுல எந்த டிப்போன்னு சரியாத்தான் இருக்கு மச்சான். என் ரிப்போர்ட் அதைப் பார்க்கல. இந்தக் கடை யாரோட பிள்ளைன்னு கேட்டு, அவங்க கணக்குல மொத்தமா சேர்த்திருக்கு. மழைக்கு முன்னாடி வித்தது, பின்னாடி வித்தது எல்லாத்தையும். ஒரு கடைக்கு ஒரு டிப்போதான் இருக்கும்னு நான் நினைச்சு அடுக்கினது."

"ஒரு புள்ளைக்கு ஒரு தாய்தானே?"

"அப்படித்தான் நினைச்சேன்."

பில்லில் இருக்கிற டிப்போவையே பார் என்று அதற்குச் சொல்லிக் கொடுத்தீர்கள். திரும்பத் தட்டினால், கார்டன் ரீச் எழுந்து நின்றது மாப்பிள்ளை. நான் என் தங்கையைக் கூப்பிட்டுக் காட்டினேன். எங்கள் ஆட்களின் வீட்டு அடுப்புகளெல்லாம் வரிசையாக எரிகிற மாதிரி எனக்கு இருந்தது. நீங்கள் மட்டும் பக்கத்துக் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"டாலிகஞ்ச் இறங்குது மச்சான்."

"இறங்கட்டும். ஏறினா இறங்கணும்ல" என்று பாயசம் இரண்டாவது கிண்ணம் கேட்டேன்.

மறுநாள் ரிப்போர்ட்டைப் பார்த்தார்கள். டாலிகஞ்சை மூடினார்கள்.

எனக்கு இது பல நாள் பிடிபடவில்லை. முதல் நாள் பனைமரம், மறுநாள் இல்லை. கிழக்கு அதே உயரம், தெற்கு அதே உயரம், உள்ளே மட்டும் ஆள் மாறிவிட்டது. உங்களிடம் வந்து கேட்டேன்.

"கடைக்குக் கீழ என்ன இருக்கு மாப்ளே?"

"ஒண்ணுமில்ல. அதுதான் கடைசி மட்டம்."

"அதைத் தட்டினா?"

"தட்ட முடியாது மச்சான்."

"மழையில பெட்டி தூக்கினவன் எந்த மட்டத்துல வருவான்?"

"ரிப்போர்ட் சரி. முடிவு அவங்களோடது" என்றீர்கள். ரிப்போர்ட் தப்பு என்று நான் எங்கே சொன்னேன்? சரியாக இருந்ததால்தானே எனக்குச் சோறு. அதுதான் எனக்குக் குழப்பமே.

ஹாருதா கொஞ்ச நாளில் டாலிகஞ்ச் டிராம் டிப்போ பக்கம் வாடகைக்குப் பலகை வைத்த மூன்று சக்கர வேன் ரிக்‌ஷா எடுத்துச் சாமான் இழுத்தான். நான் போனால் டீ வாங்கிக் கொடுத்து, "மாப்பிள்ளைகள் சௌக்கியமா" என்று மொய்னுல் பாய் வகையறாவை விசாரிப்பான். உங்களைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது. ரிப்போர்ட் போடுகிறவர் என்று ஒருவர் இருப்பதே தெரியாது. ஆனால் நீங்கள் அந்தப் பக்கம் போவதை விட்டீர்கள். தங்கையோடு அங்கே துணி எடுக்கப் போவது நின்றது. அந்த வழியாக வரும் பஸ்ஸை விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி வீடு வருவீர்கள். "என்ன மாப்ளே, ஊர் சுத்திப் பார்க்கறீங்களா, ரிட்டயர் ஆகறதுக்கு முன்னாடி?" என்று கேட்டேன். "அதுல கூட்டம்" என்றீர்கள். நீங்கள் மாறி வந்த பஸ்ஸில் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

வேறு யாரிடமும் இதைக் கேட்க முடியாது. உங்கள் மகள் பாவம், அந்த வெள்ளைத் திரையை இன்னும் நோண்டிக்கொண்டிருக்கிறாள். தங்கையிடம் கேட்டால் அழுவாள். உங்களிடம்தான் ஒரு தரம் வாயெடுத்தேன். நீங்கள் இருந்த கடைசி மார்கழி, ரவீந்திர சரோவர் ஏரிக்கரை, காலை நடை முடிந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். ஸ்வெட்டருக்கு மேல் மஃப்ளரைச் சுற்றி மூக்கு மட்டும் வெளியே வைத்திருந்தீர்கள்.

"மாப்ளே, அன்னிக்கு அந்தக் கடைப் பேரை நான் சத்தமா படிக்காம இருந்திருந்தா, எங்க டிப்போவைத்தான் மூடியிருப்பாங்க, இல்லையா?"

"ஆமா."

"நான்தான் வேன் இழுத்திருப்பேன்."

ஏரியைப் பார்த்தீர்கள். ஒருவர் படகில் துடுப்பு போட்டுக்கொண்டு போனார்.

"அப்போ நீங்க கார்டன் ரீச் பக்கமும் வராம..."

"பனி இறங்குது மச்சான், வாங்க" என்று எழுந்துவிட்டீர்கள். நான் செருப்பைத் தேடி மாட்டுவதற்குள் ஏரிக்கரை ஆலமரத்தைத் தாண்டிப் போய்விட்டீர்கள். உங்கள் வீட்டு மாடிப்படி ஏற மூச்சு வாங்குகிறவர், அன்றைக்கு என்ன நடை அது.

நான் பாதிதான் கேட்டிருந்தேன் மாப்பிள்ளை. என் வீட்டுக்காவது வந்திருப்பீர்களா என்பதுதான் மிச்சம். கொஞ்சம் நில்லுங்கள், இந்தச் செருப்பு வாரை மாட்டிக்கொள்கிறேன்.