முப்பத்தெட்டு நிமிடப் பிரார்த்தனை

ஒனிச்சா, நைஜீரியா, 9 ஜனவரி 1999

மரியாதைக்குரிய பெரியப்பாவுக்கு, உங்கள் செல்லத் தொல்லை ஒலுச்சி வணக்கத்துடன் எழுதுவது.

இங்கு நலம். அடோரா அக்கா தேவாலயக் கல்யாணத்துக்கு வாங்கிய செருப்பில் வீட்டுக்குள்ளேயே நடந்து பழகுகிறாள். ஊரில் ஏற்கெனவே நடந்த அவளுடைய சம்பிரதாயக் கல்யாணக் கேசட்டை பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். வீடியோ கடையில் நானே வெட்டி ஒட்டியது. ஏழு மணி நேரம், இப்போது ஐம்பது நிமிடம். மாப்பிள்ளைக்குக் கொடுக்க வேண்டிய கள் கிண்ணத்தோடு அக்கா கூட்டத்தில் ஒளிந்திருந்த அவரைத் தேடியது நிஜத்தில் இருபது விநாடிதான். நடுநடுவே ‘எனக்குக் கொடு’ என்று கை நீட்டிச் சீண்டும் கிழவர்களைச் செருகி நாலு நிமிடம் தேடவிட்டேன். கடை முதலாளியம்மா நகத்தையே கடித்துவிட்டார். கோலாக்கொட்டையைப் பங்கிடுமுன் நீங்கள் செய்த முப்பத்தெட்டு நிமிடப் பிரார்த்தனையோ இப்போது மின்னல். தட்டைத் தூக்குகிறீர்கள், அடுத்த நொடி எல்லோரும் மெல்லுகிறார்கள்.

குறும்புடன்,
ஒலுச்சி

உமுடிம், 14 ஜனவரி

ஒலுச்சிக்கு,

கேசட் பார்த்தோம். “உங்களை இவ்வளவு சுருக்கமா நான் பாத்ததே இல்ல” என்று உன் பெரியம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. முப்பத்தோராவது நிமிடத்தில் உன் அப்பன் இகெமின் பெயரைச் சொல்லி, கோலாவில் ஒரு துண்டை அவனுக்காக மண்ணில் போட்டேன். செத்து இரண்டு வருஷமான தம்பியை மகள் கல்யாணத்துக்குக் கூப்பிட எனக்கு வேறு வழி தெரியாது. அதையும் வெட்டிவிட்டாய். பிப்ரவரி ஆறாம் தேதி தேவாலயத்தில் அடோராவின் கைபிடித்து பீடம் வரை அழைத்துப்போக வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள்.

ந்வோசு

ஒனிச்சா, 20 ஜனவரி

அன்புள்ள பெரியப்பா,

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் பிரார்த்தனையை நான் கேட்கவே இல்லை, வேகமாக ஓட்டினேன். அந்த வேகத்தில் நீங்கள் கொத்தித் தின்னும் கோழி மாதிரி இருந்தீர்கள். சிரித்துக்கொண்டே தாண்டிவிட்டேன்.

நேற்றுதான் முழுப் பிரார்த்தனையையும் கேட்டேன். அப்பா பெயரைச் சொன்னபின் ஒன்பது விநாடி நீங்கள் பேசவில்லை. எங்கோ ஒரு ஆடு கத்துகிறது. அக்கா தலை குனிகிறாள். பேச்சில்லாத இடத்தைத்தான் முதலில் வெட்ட வேண்டும் என்று கடையில் சொல்வார்கள். அந்த ஒன்பது விநாடியையும் அப்படியே வைத்துவிட்டேன். புதுக் கேசட் வருகிறது. பிரார்த்தனையில் மற்றதைத் திருப்பிச் சேர்க்க மாட்டேன். அதில் பாதி பக்கத்து ஊரோடு உங்கள் நிலச் சண்டை.

உங்கள் கடிதத்தை அக்காவும் படித்தாள். செருப்பைப் பெட்டிக்குள் திரும்ப வைத்துவிட்டாள். வாருங்கள், பெரியப்பா.

ஒலுச்சி

உமுடிம், 28 ஜனவரி

அடி ஒலுச்சி,

கேசட்டை ஒரு முறை பார்த்தேன். அந்த ஒன்பது விநாடியை எத்தனை முறை என்று உன் பெரியம்மாவைக் கேள். நிலச் சண்டை போனதில் எனக்கு வருத்தம்தான். நல்ல பகுதி அது.

ஐந்தாம் தேதி பஸ்ஸில் வருகிறேன். அடோராவைச் செருப்பை வெளியே எடுக்கச் சொல். வாசலிலிருந்து பீடம் நாற்பது அடி இருக்குமா? இகெம் மெதுவாகத்தான் நடப்பான். நானும் அப்படித்தான் நடக்கப்போகிறேன். கேசட்டில் அந்த இடத்தை வெட்டக் கை வைத்தாயோ, காதைத் திருகிவிடுவேன்.

இப்படிக்கு,
உன் சுருக்கமான பெரியப்பா