கெட்டிலுக்கு எந்தக் குழாய்

நவம்பர் 12, புதன்

விடிந்ததில் இருந்து மூட்டம். சோலார் வாட்டர் ஹீட்டர் விற்கிறவனுக்கு ஐப்பசி மாதம் ஆகவே ஆகாது. கம்பத்தில் கடை போட்ட வருஷத்தில் இருந்து இதே கதை. கடை வாசலில் ஆள் நின்றால் மழைக்கு ஒதுங்கியவராக இருக்கும்.

வாங்க வேண்டியது: ரப்பர் வாஷர், டெஃப்லான் டேப், அம்மாவின் முட்டிக்குத் தைலம், பரிதாவுக்கு ஏதாவது. அந்த ஏதாவதுதான் என்னவென்று தெரியவில்லை. கல்யாணமாகி ஒன்றரை மாதம். என்ன பிடிக்கும் என்றால் "எல்லாம் பிடிக்கும் மச்சான்" என்கிறாள். என்ன பிடிக்காது என்றால் சிரிக்கிறாள்.

இன்றும் டீயைப் பாதி குடித்துவிட்டு மீதியைக் கொல்லைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினாள். ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டேன். செடி மட்டும் நன்றாகத் தழைக்கிறது.

காலை டீ இந்த வீட்டில் என் வேலை. சுபுஹு தொழுதுவிட்டு வந்ததும் மூன்று கிளாஸ். மாடி ஹீட்டரில் இருந்து அடுப்படிக்கே வெந்நீர்க் குழாய் இறக்கி வைத்திருக்கிறேன். அதில் கெட்டிலை நிரப்பி சுவிட்சைப் போட்டால், டீத்தூள் டப்பாவைத் திறப்பதற்குள் கொதி வந்துவிடும். கடைக்கு வருகிறவர்களிடமும் இதைச் சொல்லித்தான் விற்பது. "குளிக்க மட்டுமில்லண்ணே, கெட்டிலுக்கும் இதுலயே பிடிச்சுக்கங்க. கரண்டு மிச்சம்."

நவம்பர் 13, வியாழன்

தூறல். டேப்பை வீட்டிலேயே வைத்துவிட்டேன், அளக்கிற டேப். எடுக்கத் திரும்பி வந்தேன். பரிதா கொல்லையில் போனில். லோயர் கேம்ப்பில் இருக்கிற அவள் அக்காவிடம் பேச்சு. ஒட்டுக் கேட்கவில்லை, காதில் விழுந்தது.

"மாமி தங்கமானவுக. அவுகளும் அப்பிடித்தான், ஒரு வார்த்தை அதிர்ந்து பேசினதில்ல. ஒண்ணே ஒண்ணுதான்க்கா. அதை எப்பிடிச் சொல்றதுன்னு தெரியல. சொல்லாம எத்தனை நாளைக்கு இருக்கிறது?"

டேப்பை எடுக்காமலே கடைக்கு வந்துவிட்டேன்.

அந்த ஒன்று என்னவாக இருக்கும்:
குறட்டை.
மீசை.
சாப்பிடும்போது டி.வி. பார்ப்பது.
கடை அழுக்கோடு கட்டிலில் உட்காருவது.
நான்.

கடைசியை எழுதிவிட்டு அடித்தேன். மறுபடியும் எழுதினேன். முப்பத்தெட்டு வயதில் கல்யாணம் பண்ணிக்கொண்டவனுக்கு இந்தப் பயம் இருக்காதா. இத்தனை வருஷம் பெண் பார்த்து, இவள் அமைந்தது பெரிய விஷயம். இவள் சிரிக்கிற சத்தம் அடுப்படியில் இருந்து கேட்டாலே கடைக்குப் போக மனசு வருவதில்லை. அப்படி இருக்கையில் ஒண்ணே ஒண்ணு.

தேவதானப்பட்டியில் இருந்து ஒரு பார்ட்டி வந்தார். ஆறு பேர் குடும்பம். நான் பாட்டுக்கு இரண்டு பேருக்கான டேங்கைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தேன். யோசித்துச் சொல்கிறேன் என்று போய்விட்டார்.

நவம்பர் 14, வெள்ளி

மழை விட்டது, வெயில் இல்லை. ஜும்ஆவுக்கு முன்னால் சலூன். மீசையை எடுத்தாகிவிட்டது.

அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டது. "ஏலே சாகுலு, மூஞ்சிக்கு என்னடா ஆச்சு?"

பரிதா ஒரு நிமிஷம் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். "நல்லாத்தானே இருந்துச்சு. எதுக்கு எடுத்தீக?"

ஆக, மீசை இல்லை.

டி.வி. போடாமல் சாப்பிட்டேன். யாரும் கவனிக்கவில்லை. வாங்கி வந்த அத்தர் பாட்டிலைக் கொடுத்தேன். முகர்ந்து பார்த்து நல்லா இருக்கு என்றாள். எல்லாவற்றுக்கும் இதே நல்லா இருக்கு. டீக்கும் இதைத்தான் சொல்கிறாள், அப்புறம் செடிக்கு ஊற்றுகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை லோ.கேம்ப் போய்வரலாமா என்றாள். நீ எத்தனை நாள் இருப்பாய் என்றேன். "பாப்போம்" என்றாள்.

நவம்பர் 15, சனி

கொஞ்சம் வெயில். நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

காலையில் வெந்நீர்க் குழாயைத் திறந்து கெட்டிலை நீட்டினேன். பரிதா வந்து கெட்டிலைப் பிடித்துக்கொண்டாள்.

"மச்சான், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீகளே?"

வந்துவிட்டது என்று நினைத்தேன். குழாய் பாட்டுக்கு ஓடுகிறது.

"டீக்கு இந்தத் தண்ணி வேணாம். பச்சைத்தண்ணியில பிடிங்க."

அவ்வளவுதானா என்றேன். அவ்வளவுதான் என்றாள். குறட்டை இல்லையா என்று கேட்டேன். குறட்டைக்கு ஒன்றும் செய்ய முடியாதாம், அதனால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லையாம்.

சந்தோஷப்பட்டுச் சும்மா இருந்திருக்க வேண்டும். நான் வியாபாரி. விடவில்லை. "எந்தத் தண்ணியா இருந்தா என்ன? கொதிச்சா எல்லாம் ஒண்ணுதான்."

"கொதிச்சா கிருமி சாகும். போன ருசி திரும்பி வருமா? மாடி டேங்குல கெடந்து, வெந்து, குழாய்க்குள்ள ஊறி வர்ற தண்ணி. இந்தா, பச்சைத்தண்ணிக் குழாய்ல எங்க லோயர் கேம்ப் தண்ணி நேரா வீட்டுக்கே வருது. அதைக் கையக் கழுவ வச்சிருக்கீக."

அது வாஸ்தவம். கம்பத்துக்குக் குடிதண்ணீர் அவள் ஊரில் இருந்துதான் வருகிறது. இத்தனை வருஷம் எனக்கு இது தோன்றவே இல்லை.

சரி, சோதனை என்றேன். ஒரே டீத்தூள். பால் சேர்க்காத கட்டன் சாயா, இரண்டு கிளாஸ். நான் கண்ணை மூடிக்கொள்ள, அவள் ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்தாள். இரண்டாவதை ஒரு மிடறு குடித்ததுமே சொல்லிவிட்டேன், இதுதான் நம்ம டீ, வெந்நீர்க் குழாய்த் தண்ணீர் என்று. சரியாகத்தான் சொன்னேன். பெருமையாகக் கண்ணைத் திறந்த பிறகுதான் புரிந்தது. எல்லாம் ஒண்ணுதான் என்று சண்டை போட்டவன் நான்தான்.

பரிதா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள்.

சத்தம் கேட்டு அம்மா வந்தது. நியாயம் கேட்டேன். அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டே நின்றது. பிறகு மெதுவாக, "நீ கடைக்குப் போனப்புறம் பச்சைத்தண்ணியில எனக்குன்னு ஒரு கிளாஸ் போட்டுக்குவேன்டா."

"அப்ப காலையில குடிக்கிறது?"

"அது உனக்காகக் குடிக்கிறது. ஆசையாப் போட்டுத் தர்ற. மொகத்துல அடிச்ச மாதிரி எப்பிடிச் சொல்ல?"

பெற்ற தாயே சொல்லவில்லை. நீ மட்டும் எப்படிச் சொன்னாய் என்று பரிதாவைக் கேட்டேன், கொஞ்சம் முறைப்பாகத்தான்.

"விருந்தாளியா வந்திருந்தா நல்லாருக்குன்னு சொல்லி, குடிச்சிட்டுப் போயிருப்பேன். இது என் வீடு. எத்தனை நாளைக்குச் செடிக்கு ஊத்துறது?"

என் வீடு என்றாள். நான் குழாயை மூடுகிற மாதிரி திரும்பிக்கொண்டேன். குழாய் எப்போதோ மூடியிருந்தது. கண்ணில் தண்ணீர். சந்தோஷத்தில் வேறு என்ன செய்வது.

சாயங்காலம் மாடி ஏறி டேங்கின் அடி வால்வைத் திறந்துவிட்டேன். பழுப்பாக, செதில் செதிலாகச் சுண்ணாம்பு. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கழுவுங்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்கிற வாய் என்னுடையது. கீழே யாரிடமும் சொல்லவில்லை. பரிதா ஏற்கெனவே மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தாள்.

நவம்பர் 16, ஞாயிறு

லோ.கேம்ப் போய் வந்தோம். சாரல், மலை தெரியவில்லை. கெட்டில் கதை பஸ்ஸுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. பரிதாவின் அக்கா வாசலிலேயே, "வாங்க மச்சான், சுடுதண்ணி வைக்கவா, பச்சைத்தண்ணி போதுமா?" மாமனார் மட்டும் சிரிக்கவில்லை. வெந்நீரில் போட்டால் டீ சீக்கிரம் ஆகும்தானே என்று என் பக்கம் பேசினார். மாமியார் பார்த்த பார்வையில் அவரும் அடங்கிவிட்டார்.

மீன் குழம்பு. ஒரு தூக்கம். நான் மட்டும் கிளம்புவதாகப் பையை எடுத்தேன். பரிதா செருப்பு மாட்டிக்கொண்டு முன்னால் நிற்கிறாள். அவள் அம்மா, ரெண்டு நாள் இருந்துட்டுப் போயேன் ஆத்தா என்றார்.

"இன்னொரு நாள் வாறேன்மா. நான் இல்லேன்னா இவுக மறுபடி அந்தக் குழாயத் தொறந்துருவாக."

பஸ்ஸில் ஜன்னல் சீட்டை அவளுக்கு விட்டேன். கூடலூர் தாண்டுவதற்குள் என் தோளில் தூங்கிவிட்டாள்.

நவம்பர் 17, திங்கள்

பளீரென்று வெயில். தேவதானப்பட்டிக்காரர் காலையிலேயே போன் செய்து, பெரிய டேங்காகவே போட்டுவிடலாம் என்கிறார். கெட்டிலுக்கும் பிடிக்கலாமா என்று கேட்டார். குளிக்க, பாத்திரம் கழுவ, அதோடு சரி, டீக்குப் பச்சைத்தண்ணிதான் என்றேன். கடைக்காரரே இப்படிச் சொன்னால் நம்பி வாங்கலாம் என்கிறார். இது தெரிந்திருந்தால் எப்போதோ சொல்லியிருப்பேன்.

டீ போட்டாகிவிட்டது. பச்சைத்தண்ணீர் கொதிக்க நேரம் பிடிக்கிறது. அதுவரைக்கும் இரண்டு பேரும் அடுப்படியில் சும்மா நின்றோம். அவள் என் புது மீசையைத் தடவிப் பார்த்து, முள்ளு என்றாள். கொதி வந்தபோது இன்னும் கொஞ்சம் தாமதமாக வந்திருக்கலாம் என்று இருந்தது.

பரிதா கூப்பிடுகிறாள், என் டீ ஆறுகிறதாம். அவள் கிளாஸ் காலி. கறிவேப்பிலைச் செடிக்கு இன்று யாரும் ஒன்றும் ஊற்றவில்லை, போய் ஒரு வாளித் தண்ணீர் விட வேண்டும்.